துருவம் பிடிக்க ஒரு விளக்கு

என் மனைவியின் தொலைநோக்கியில் இருந்த குட்டி விளக்கைக் கடல்காற்று தின்றுவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது ஒன்றும் புதினமில்லை. யன்னல் பிணைச்சல் துருப்பிடிக்கும், மின்விசிறி துருப்பிடிக்கும், அலுமாரிப் பூட்டு ஒரு நாள் திறப்போடு சேர்ந்து கையில் வரும். பெட்டிக்குள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்த ஒரு பல்பைக்கூட விட்டுவைக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆத்திரம். தொலைநோக்கியைக் கனடாவில் இருந்து கப்பலில் போட்டு அனுப்பியவன் அவளுடைய தம்பி. விளக்கு ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டோம். அனுப்பிவிட்டேன் என்றான். வரவில்லை.

"சின்ன விளக்குத்தானே. நீங்களே ஒண்டு செய்யுங்கோவன்" என்றாள்.

"நான் என்ன, விளக்குக் கடையே வச்சிருக்கிறன்?"

அவள் சிரித்தாள். நான் இப்படித்தான் கதைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஊரில் வாய்க்காரன் என்று பெயர். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த காலத்தில் என் மேசைக்கு வரப் பயந்து பக்கத்து மேசையில் வரிசையில் நின்றவர்கள் உண்டு. புது வீட்டுக்குக் குடிபூரலுக்குக் கூப்பிட்டால், பாற்சோற்றைத் தின்றுவிட்டு, படிக்கட்டு சரிந்து கிடக்கு என்று சொல்லிவிட்டு வருவேன். மனதில் இருப்பது வாய்க்கு வர எனக்கு நேரம் எடுப்பதில்லை. இந்த வாயால் சொந்தக்காரர் பாதிப்பேர் எங்களிடம் வருவதில்லை. வருகிற மீதிப்பேரும் அவளுக்காகத்தான் வருவார்கள்.

அவள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவள். கண் சரியில்லை என்று முன்கூட்டியே ஓய்வெடுத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு சாகிற வருத்தம். ஓரத்தில் இருந்து தொடங்கி உள்ளுக்கு வரும். யன்னல் திரையை இரண்டு பக்கமும் இருந்து யாரோ மெல்ல இழுத்து மூடுவதுபோல இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டுமருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொன்னார். காப்பாற்றலாம் என்று சொன்னாரே தவிர, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை.

அவளுக்கு வானத்தில் பிடித்தது சனி. சனியனைத் தேடிப்போய்ப் பார்க்கிற பொம்பிளை இந்த ஊரில் இவள் ஒருத்திதான். சனியை உற்றுப் பார்த்துப் பார்த்துத்தான் கண் போனது என்று என் மாமி முறையான ஒருவர் வீட்டுக்கு வந்து சொன்னார். "அப்ப நீங்கள் என்னத்தைப் பாத்து உங்கட வாய் இப்பிடிப் போனது?" என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மற்றவர்கள் அப்படி இல்லை. அவர்கள் ஆறுதல் சொல்ல வருவார்கள். "ஒண்டுமில்லை பிள்ளை, எல்லாம் சரியாகிடும். இப்ப எவ்வளவு மருந்து வந்திட்டுது" என்பார்கள். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் மறுபக்கம் திருப்பி, "அப்பிடியோ" என்பாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த அப்பிடியோவில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்கும். சொன்னவர்களுக்குக் கேட்காது.

எனக்கு அவள் அப்படிச் சொன்னதில்லை. கிளினிக்கில் கண்ணைப் படம் எடுத்து ஒரு தாளில் தந்தார்கள். பார்வை இருக்கிற இடம் வெள்ளை, போன இடம் கறுப்பு. பஸ்ஸில் வரும்போது, "முந்தின படத்தோட பாக்க எப்பிடி?" என்று கேட்டாள். நான் இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். "கறுப்புக் கூடிப் போச்சு. நல்லாக் கூடிப் போச்சு" என்றேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி என்னை முறைத்தார். அவள் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கட வாய் மோசம். அதாலதான் எனக்குப் பயமில்லை" என்றாள். "எனக்கு முழுக்கப் போனாப் பிறகு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நான் பாத்த மாதிரித்தான்."

பஸ் தம்பலகாமத்து வயல்களைத் தாண்டி வரும்வரை அவள் என் கையை விடவில்லை. என் வாழ்க்கையில் இந்த வாய்க்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

விளக்குக்கு வருகிறேன். வானம் நிற்பதில்லை. தொலைநோக்கியைச் சனிக்கு நேரே பிடித்தால், கொஞ்ச நேரத்தில் அது வட்டத்தின் ஓரத்துக்கு நழுவி வெளியே போய்விடும். கண் நல்லாய் இருக்கிறவன் குழாயைக் கொஞ்சம் தள்ளித் திரும்பப் பிடிப்பான். ஓரம் இல்லாத கண்ணுக்கு நழுவியது எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. அவள் குழாயை இங்கும் அங்கும் ஆட்டித் தேடுவாள், கிடைக்காது, கதிரையில் போய் இருப்பாள். இதற்கு ஒரு வழி உண்டு. தொலைநோக்கி நிற்கிற தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே பிடித்துவிட்டால், ஒரு சின்ன மோட்டர் வானத்தின் வேகத்தில் குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சனி நடுவிலேயே நிற்கும். அவளுக்கு மிஞ்சியிருந்ததும் அந்த நடு மட்டும்தான்.

அப்படித் துருவம் பிடிப்பதற்கு அச்சுக்குள்ளே இன்னொரு குட்டித் தொலைநோக்கி இருக்கிறது. அதற்குள் மயிரிழை போலச் சிலுவைக் கோடு. நட்சத்திரத்தைக் கோட்டோடு பொருத்த வேண்டும். ஆனால் இருட்டில் கோடு தெரியாது. அதன் வாயில் கொஞ்சம் சிவப்பு வெளிச்சத்தைக் கசிய விட்டால், மங்கிய சிவப்பில் கோடு கறுப்பாகத் தெரியும், நட்சத்திரமும் கூடத் தெரியும். வெளிச்சம் கூடினால் நட்சத்திரம் அதற்குள் மூழ்கிவிடும். குறைந்தால் கோடு காணாமல் போகும். இரண்டும் சேர்ந்து தெரிகிற இடம் மிகச் சின்னது.

அதிலும் எங்கள் ஊர்த் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கிற ஆள் இல்லை. கையை நீட்டி முட்டியைப் பொத்திக் கடலுக்கு மேலே வைத்தால் அந்த முட்டிக்குள் மறைந்துவிடும். இறக்கக்கண்டிக்குக் கொஞ்சம் கிழக்கே, மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சத்துக்கு மேலே, உப்புப் புகாருக்குள் அழுக்குப் பொட்டாய்க் கிடக்கும். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் விளக்கு மிக மிகச் சின்னதாய் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பெரிதாக்க உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சின்னதாக்க எங்களைப் போல ஆட்கள் கிடையாது. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால் திரி இழுத்து எரித்தோம். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் நான் சோதனை பாஸ் பண்ணினேன். விளக்குக்கு எப்போதும் ஒரு மூடி இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு பால்மா ரின். மேலே ஹெலிகொப்டர் இரைந்தால், ஒழுங்கையில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால், ஊதி அணைக்கக் கூடாது. திரும்பக் கொளுத்த நெருப்புப்பெட்டி இல்லை. ரின்னால் மூட வேண்டும், காற்றுப் போக அடியில் ஒரு குச்சி. விளக்கு அக்காவின் பொறுப்பு, மூடி என் பொறுப்பு. விளக்கு என்றால் மூடியும் சேர்த்துத்தான் என்று என் கைக்கு அப்போதே படிந்துவிட்டது.

ஆகவே இந்த விளக்கையும் ஒரு ஜாம் போத்தல் மூடியில்தான் செய்தேன். நடுவில் வட்டமாக வெட்டி எடுத்தேன், நட்சத்திரம் உள்ளே வர. வெட்டிய ஓரத்தில் உள்பக்கம் பார்த்தபடி ஒரு சின்னச் சிவப்பு பல்ப். பழைய ரேடியோ ஒன்றின் சத்தம் கூட்டுகிற குமிழைக் கழற்றி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கப் பொருத்தினேன். பற்றறிப் பெட்டி ஒரு பழுதான ரிமோட்டில் இருந்து வந்தது. பல்ப் வாங்கப் போன கடையில், "சாமிப் படத்துக்கோ அண்ணை?" என்று கடைக்காரன் கேட்டான். "ஓம், சனீஸ்வரனுக்கு" என்றேன். அவன் பல்பைச் சுற்றித் தருகையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்த பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, அந்த ஓட்டைக்கு மேலே கறுப்பு மூடி ஒன்றும் போட்டேன். பழைய சட்டை ஒன்றில் இருந்து எடுத்த அழுத்துப் பொத்தானால் பூட்டலாம், திறக்கலாம்.

அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "மூடி என்னத்துக்கு?"

"உப்புக் காத்துக்கு."

"பொய். இன்னும் ஹெலி வருமெண்டு பயம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாணம் கட்டின நாளில் இருந்து அவள் என்னைப் பொய் சொல்கிறீர்கள் என்று சொன்னது அந்த ஒருமுறை. அதுவும் பகிடிக்கு.

முதல் நாள் பின்னேரம் மொட்டை மாடியில் பொருத்தினோம். மசூதியில் மக்ரிப் பாங்கு சொல்லி ஓய்ந்து நன்றாக இருட்டியிருந்தது. துருவம் பிடிக்கிறது அவளுடைய வேலை. என்னை விடமாட்டாள். முழந்தாளிட்டுக் கண்ணை வைத்தாள்.

"சிவப்பாக் கிடக்கு."

"கோடு தெரியுதோ?"

"இல்லை."

நான் குனிந்து பார்த்தேன். கோடும் தெரிந்தது, நட்சத்திரமும் தெரிந்தது. கொஞ்சம் கூடப் பிசகாமல் செய்திருந்தேன். வெளிச்சம் காணாது போல என்று நினைத்துக் குமிழைக் கூட்டினேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

கூட்டினேன். என் கண்ணுக்கு நட்சத்திரம் வெளிறத் தொடங்கியது. அவளுக்குக் கோடு வரவில்லை. "என்ர கை இன்னும் ஆமிக்குப் பயந்துதான் விளக்குச் செய்யுது" என்று பல்பைத் திட்டினேன், ரேடியோவைத் திட்டினேன், ரிமோட்டைச் செய்தவனைத் திட்டினேன். அடுத்த நாள் இரண்டாவது பல்ப் வைத்தேன். அதற்கடுத்த கிழமை இன்னும் பெரிய பல்ப். ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை வைத்து, இன்னும் கொஞ்சம் என்பாள். கடைசியில் குழாயின் வாய் அடுப்புத் தணல் மாதிரிச் சிவந்து நின்றது.

"நட்சத்திரம் நிக்குதோ, பாருங்கோ" என்றாள்.

"சாகக் கிடக்கு. இன்னும் கூட்டினா செத்துப்போம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"கூட்டுங்கோ."

அன்றைக்குப் படியால் இறங்கி வரும்போது பாதிப் படியில் நின்றேன். அதிலேயே இருந்துவிட்டேன். விளக்கில் பிழை இல்லை. முதல் நாளே அதில் பிழை இருக்கவில்லை. ஓரம்தான் போகிறது, நடு இருக்கிறது என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். நடுவும் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கோடு தெரியும் அளவுக்கு நான் வெளிச்சம் போட்டால் அதில் நட்சத்திரம் இருக்காது. நட்சத்திரம் இருக்கும் அளவுக்குப் போட்டால் அவளுக்குக் கோடு இருக்காது. இரண்டும் சேர்ந்து தெரிகிற இடம் அவளுக்கு இனி இந்த உலகத்தில் இல்லை. கீழே குசினியில் அவள் சுவரைத் தடவித் தடவி லைற் சுவிச்சைத் தேடுகிற சத்தம் கேட்டது.

இதைச் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் சொன்னவன் படியில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். நாளைக்கு முகில் போட்டது. பிறகு காற்று. பிறகு அவளுக்குத் தடிமன், காய்ச்சல். ஒவ்வொரு சாட்டுக்கும் உள்ளுக்குள் நன்றி சொன்னேன்.

ஆவணி மாதம் வானம் கழுவி விட்டதுபோல ஒரு பின்னேரம் வந்தது. கிழக்கே கோணேசர் மலைப் பக்கம் சனி ஏறிக்கொண்டிருந்தது. அவள் நல்ல சீலை ஒன்று உடுத்து மேலே வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. விளக்கைத் தானே பொருத்துவேன் என்றாள். பொருத்தட்டும் என்று நுளம்பு விரட்டுகிற திரி எடுக்கக் கீழே போனேன். திரும்பி வரும்போது அவள் ஏற்கெனவே கண்ணை வைத்திருந்தாள். தாங்கியின் திருகாணிகளை இரண்டு கையாலும் மெல்லத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, கோடு தெரியுது!" என்றாள். "பளிச்செண்டு தெரியுது. சிலுவை முழுக்கத் தெரியுது!"

"நட்சத்திரம்?"

திருகாணியை இன்னும் ஒருமுறை திருகினாள். "ஓம்... இடப்பக்கம் நிண்டது. இப்ப கொண்டுவந்திட்டன். நடுவில நிக்குது."

எழும்பி என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், என் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்த முகத்தை நான் கனகாலம் காணவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில், பிள்ளைகள் நல்லாய்ச் செய்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இருக்கிற முகம்.

"நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

குனிந்தேன். உள்ளே முழுக்கச் சிவப்பு. அதற்கு நடுவில் கோடு இவ்வளவு தெளிவாக ஒருநாளும் தெரிந்ததில்லை. நட்சத்திரம் இல்லை. வெளிச்சம் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். குமிழைக் குறைத்துப் பார்க்கலாம். குறைத்தால் எனக்கு நட்சத்திரம் வரும், அவளுக்குக் கோடு போகும், அந்த முகமும் போகும். நான் குமிழில் கை வைக்கவில்லை.

"ஓம்" என்றேன். "சரியா நடுவில நிக்குது. ஒரு மயிரிழை பிசகில்லை."

அந்த மயிரிழையை ஏன் சேர்த்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாய் பழக்கப்படாத வேலையைச் செய்யும்போது மட்டுமரியாதை தெரியாமல் செய்துவிடுகிறது.

"அப்ப சனியைப் பிடிப்பம்" என்றாள். வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும் என்று முதலில் விளக்கைக் கழற்றப் போனாள். அவளுக்கு எல்லாம் இப்போது விரல்தான். கை அச்சின் வழியே போய், ஜாம் மூடியைத் தொட்டு, அங்கே நின்றது. விரல் திரும்ப ஒருமுறை அதன் முகத்தைத் தடவியது. பிறகு அழுத்துப் பொத்தானைத் தடவியது.

டிக் என்று பொத்தான் திறந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் போட்ட கறுப்பு மூடி. பூட்டியபடியே பொருத்தியிருக்கிறாள், கண் தெரியாமல். வானம் உள்ளே வர ஊசிமுனை அளவு வழியும் இருக்கவில்லை. வெளிச்சம் வெளியே போகாமல் உள்ளேயே நின்றதால்தான் கோடு அவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அவள் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒரு ஜாம் போத்தல் மூடியின் உட்பக்கம்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதியது. அவள் விளக்கைக் கழற்றி, வயரைச் சுற்றி, என் கையில் வைத்தாள்.

"நான் பொய் சொன்னது எனக்காக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நட்சத்திரம் தெரியுதெண்டு ஒருக்காச் சொல்லிப் பாக்க ஆசையா இருந்தது. நீங்கள் பாத்திட்டு இல்லையெண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் துணிஞ்சு சொன்னனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வெளிச்சம் கூடிப்போச்சு, அதாலதான், நீர் சந்தோஷமா நிண்டனீர், அதாலதான். இந்த வாய் எனக்கு வேண்டிய நேரத்தில் முதல்முறையாக வராமல் நின்றது.

"கிளினிக் படத்தில கறுப்புக் கூடினதெண்டது உண்மைதானே?" என்று கேட்டாள்.

"உண்மை. சத்தியமா உண்மை."

"சரி" என்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படிக்குப் போனாள். நான் கையைக் கொடுக்கப் போனேன். படி எனக்குத் தெரியும் என்றாள்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. சோறு இருக்கும், கறி இருக்கும், என் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கும். கேட்பதைத்தான் விட்டுவிட்டாள். முன்பென்றால் சீலையை விரித்துப் பிடித்து, கறை கிடக்கோ என்பாள். மீன் செவுள் என்ன நிறம் என்பாள். முகம் வீங்கிக் கிடக்கோ என்பாள். இப்போது மீனை மூக்குக்குக் கொண்டுபோய் மணந்து பார்க்கிறாள். சீலையை வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் காட்டிக் கேட்கிறாள். சொட்டுமருந்துப் போத்தல் முடிந்துவிட்டதா என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறாள். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.

போன கிழமை நானே தனியாகத் துருவம் பிடித்தேன். விளக்கைத் திரும்பப் பழையபடி ஒரு பல்போடு மங்கலாகச் செய்து, ரியூப் மூடியை வெட்டி எறிந்துவிட்டேன். நட்சத்திரம் கோட்டில் வந்து இருந்தது. மோட்டரைப் போட்டுச் சனியைப் பிடித்தேன். நடுவில் வந்து நின்றது. நின்றது நின்றபடி. கீழே இருந்து அவளைக் கூட்டிவந்து மாடிக் கதிரையில் இருத்தினேன். வந்தாள், மறுக்கவில்லை. கண்ணை வைக்கச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"சனி நடுவில நிக்குது. மஞ்சளா, சின்னனா இருக்கு. வளையம் இந்த முறை பக்கப்பாட்டில திரும்பி நிக்குது, விரிஞ்சு தெரியேல்லை, கோடு மாதிரி மெல்லிசாத்தான் இருக்கு. வலப்பக்கம் தள்ளி ஒரு சந்திரனும் தெரியுது."

அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பினாள்.

"அப்பிடியோ" என்றாள்.